வீட்டில் கார் நிறுக்கப் போகிறவர்களுக்கு

2023 அக்டோபரோடு பம்பாய்ச் சாலைகளிலிருந்து பத்மினி டாக்சி ஓய்வு பெற்றது. டாக்சிக்குத்தான் ஓய்வு, மோகத்துக்கு இல்லை. எங்கோ கொட்டகையில் துருவேறிக் கிடந்த பத்மினியை வாங்கி வந்து, மாட்டுங்காவின் பழைய கட்டடக் காம்பவுண்டுகளில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துப் பிரித்து மாட்டும் இளைஞர்கள் இப்போது நிறைய. இன்னொரு கூட்டம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள். தாங்களே செய்த ரேஸ் காரைக் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கொண்டுபோகிறவர்கள். இரண்டு கூட்டமும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: “அங்கிள், நாலு சக்கரத்துலயும் எவ்வளவு எடை இறங்குதுன்னு வீட்டுலயே பார்க்க முடியுமா?”

முடியும். இதற்கென்றே விற்கும் நாலு எடைப்பலகைக் கருவியின் விலைக்கு ஒரு பழைய மாருதி 800 வாங்கிவிடலாம் என்பதால் கேள்வி நியாயமானதுதான். நான் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன். 1915-இல் தொடங்கிய பட்டறை அது. பெரம்பூர் ஐ.சி.எஃப்.-இல் பிறந்த பெட்டிகளை அங்கே பிரித்துச் சரிசெய்து மறுபடி சக்கரத்தின்மேல் உட்கார வைப்போம். கார் என் தொழில் இல்லை. ஆனால் நாலு முனையில் நிற்கும் ஒரு பொருளைக் கோணாமல் நிறுத்துவது என் தொழில். அந்த உரிமையில் சொல்கிறேன்.

1. முதலில் லாரிக் காண்டாவுக்கு, அதாவது லாரி நிறுக்கும் எடைமேடைக்கு, போங்கள். ஆமாம், வீட்டில் நிறுக்கக் கற்றுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே அனுப்புகிறேன். காரின் மொத்த எடை மட்டும்தான் தெரிய வேண்டும் என்றால் வீட்டில் எந்த வித்தையும் தேவையில்லை. லாரிகள் கூடும் வடாலா பக்கம் போனால் எடைமேடை கிடைக்கும். ஒரு மீல்ஸ் சாப்பிடும் காசுக்குள் சீட்டு எழுதித் தருவார்கள். மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் தகட்டைப் படியுங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம், படி (எண் எத்தனை எத்தனை கிலோவாக ஏறும் என்பது) என்று மூன்று எண் இருக்கும். படி 10 கிலோ என்றால் குறைந்தபட்சம் 200 கிலோ. அதற்குக் கீழே அந்த மேடை சொல்வதை நம்பக் கூடாது. 900 கிலோ காருக்கு, எடையளவுத் துறையின் முத்திரை புதிதாக இருந்தால், ஐந்து பத்து கிலோவுக்குள் சரியாகச் சொல்லும். வீட்டில் நீங்கள் என்ன குட்டிக்கரணம் அடித்தாலும் மொத்த எடையில் அதைத் தாண்ட மாட்டீர்கள்.

காண்டாக்காரர் நல்ல மனிதராக இருந்து, பின்னால் லாரி ஹாரன் அடிக்காமலும் இருந்தால், மூன்று முறை நிறுத்துக்கொள்ளுங்கள்: முன் சக்கரங்கள் மட்டும் மேடையில், பிறகு முழுக் கார், பிறகு பின் சக்கரங்கள் மட்டும். முன்னும் பின்னும் கூட்டினால் முழுக் காரின் எடை வர வேண்டும். படியின் அளவைத் தாண்டி விலகினால் மேடையும் அதை ஒட்டிய தரையும் ஒரே மட்டத்தில் இல்லாமல் இருக்கலாம்.

2. ஆர்.சி.யைப் பாருங்கள். வண்டியின் வெற்று எடை அதில் அச்சாகியிருக்கிறது. பத்மினி என்றால் 900-ஐ ஒட்டி ஓர் எண் இருக்கும். நீங்கள் நிறுத்தது அதிலிருந்து 200 கிலோ விலகினால், காரைச் சந்தேகப்படும் முன் உங்கள் கணக்கைச் சந்தேகப்படுங்கள்.

3. எதற்காக நிறுக்கிறோம் என்று எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பம்பாய் டாக்சிகள் சி.என்.ஜி.க்கு மாறிய காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கியில் ஏறிய இரும்பு சிலிண்டர், அதன் தாங்கி, உள்ளே கேஸ் எல்லாம் சேர்த்து 70 கிலோ என்று வைப்போம். பத்மினியின் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 2.34 மீட்டர். சிலிண்டர் பின் ஆக்சிலுக்கு அரை மீட்டர் பின்னால் உட்கார்ந்தால், பின் சக்கரங்களில் 70 அல்ல, 85 கிலோ கூடும். அந்த உபரி 15 கிலோ எங்கிருந்து வந்தது? முன் சக்கரங்களிலிருந்து. மொத்தத்தில் 70 கிலோதான் ஏறியது, ஆனால் ஸ்டியரிங் 15 கிலோ இலேசாகிவிட்டது. மேடை மொத்தத்தைச் சொல்லும்; டிரைவரின் கை உணர்வது இந்தப் பங்கீட்டை. வீட்டில் நிறுப்பதன் லாபம் பங்கீட்டை அறிவதில்தான் இருக்கிறது. மொத்தத்துக்காக வீட்டில் பலகை போடுகிறவர் பொழுதுபோகாதவர்.

4. தண்ணீரில் மிதக்க விடும் யோசனை எல்லாருக்கும் ஒருமுறை வரும். வரட்டும். புனேக்குப் பக்கத்தில், பீமாவும் இந்திராயணியும் கூடும் துலாப்பூரில், சத்ரபதி சிவாஜியின் தந்தை ஷாஹாஜி யானையைப் படகில் ஏற்றி நிறுத்தார் என்று மராட்டியத்தில் சொல்வார்கள். யானை ஏறியதும் படகு எதுவரை அமிழ்ந்ததோ அங்கே கோடு போட்டு, யானையை இறக்கிவிட்டு, அதே கோடு வரும்வரை கல்லை நிரப்பி, கல்லைத் தனித்தனியாக நிறுத்துக் கூட்டினாராம். சீனத்திலும் ஒரு சிறுவன் பேரில் இதே கதை உண்டு. கணக்கில் ஒரு குறையும் இல்லை.

காருக்கும் அது பொருந்தும் என்பதை 2005 ஜூலை 26 காட்டியது. அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. நின்ற கார்கள் தெருவில் தானாக நகர்ந்தன. 900 கிலோ கார் மிதக்க 900 லிட்டர் தண்ணீரை விலக்கினால் போதும். காரின் அடித்தளம் ஏறக்குறைய நாலு சதுர மீட்டர். உள்ளே தண்ணீர் புகாதவரை, தளத்துக்கு மேல் 22 சென்டிமீட்டர் ஏறியதுமே சக்கரம் தரையை விட்டுவிடும். மழையில் கிங்ஸ் சர்க்கிள் நிரம்பும்போது காரை உள்ளே விடாதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான். நிறுப்பதற்கு இந்த வழி வேண்டாம்.

5. டயரின் காற்றை வைத்து நிறுப்பது பற்றி. இது அழகான கணக்கு, ஆகையால் ஆபத்தானது. டயரில் 28 பவுண்டு காற்று என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ அழுத்தம். டயர் தரையைத் தொடும் இடம் 13 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம் என்றால் 117 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் அந்தச் சக்கரத்தில் 230 கிலோ.

செய்து பார்க்க ஆசைப்பட்டால் ஒழுங்காகச் செய்யுங்கள். சக்கரத்தைத் தூக்கி, கீழே வெள்ளை அட்டையும் அதன்மேல் கார்பன் தாளும் வைத்து, மெல்ல இறக்கி, மறுபடி தூக்குங்கள். பதிந்த அச்சின் வெளிக்கோட்டைக் கிராஃப் தாளில் எடுத்துக் கட்டங்களை எண்ணுங்கள். டயரின் பள்ளங்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். அச்சு செவ்வகமாக வராது, மூலைகள் உருண்டிருக்கும். வரும் விடையில் நூற்றுக்கு 15, 20 முன்பின் ஆகும். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் சுமையைத் தாங்குகிறது. அந்தப் பங்கு காற்றுக் கணக்கில் வராது. பெட்ரோல் பங்க் மீட்டர் 2 பவுண்டு பிசகினாலே விடை நூற்றுக்கு 7 தப்பும். ஒரே டயர், ஒரே காற்று. டிக்கியில் சுமை ஏற்றும் முன் ஓர் அச்சு, ஏற்றிய பின் ஓர் அச்சு. இப்படி ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் இது உதவும். ஓர் எடையைக் கண்டுபிடித்துவிட்டதாக யாரிடமும் சொல்லாதீர்கள்.

6. தாராவியை மறந்துவிட்டுப் பாத்ரூம் தராசு வாங்க ஓடாதீர்கள். மாட்டுங்கா லேபர் கேம்ப்பைத் தாண்டினால் தாராவி. அங்கே 13-ஆம் காம்பவுண்டுப் பக்கம் பங்கார் (பழைய சாமான்) கோடவுன்களில் பிளாட்பாரத் தராசு இருக்கும். அட்டைக் கட்டு, பிளாஸ்டிக் மூட்டை, இரும்புத் துண்டு என்று நாள் முழுக்க ஏற்றி இறக்குவதால் 300, 500 கிலோ தாங்கும் தராசு அவர்களுக்கு அன்றாடச் சாமான். பத்மினி மாதிரிச் சின்னக் காரின் ஒரு சக்கரம் பொதுவாக 250 கிலோவைத் தாண்டாது. ஆகவே பலகை, பெருக்கல் எதுவும் இல்லாமல் நேராக ஏற்றி நிறுக்கலாம். வியாபாரம் ஓய்ந்த நேரம் பார்த்து, மரியாதையாகக் கேட்டு, பெட்டிக்கடைச் சாய் வாங்கிக் கொடுத்து, இரண்டு தராசை வாடகைக்கு எடுக்க முடிந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. அங்கே தமிழில் கேட்டாலே பல இடங்களில் வேலை நடக்கும். இரண்டும் ஒரே தயாரிப்பாக, ஒரே உயரமாக இருக்கட்டும். அது கிடைக்காதவர்கள் மட்டும் அடுத்ததைப் படியுங்கள்.

7. பாத்ரூம் தராசும் பலகையும். ஆள் நிறுக்கும் தராசு 120 முதல் 180 கிலோவரை தாங்கும். அதன்மேல் 230 கிலோவை நேராக வைத்தால் தராசு போய்விடும். எனவே மூன்றில் ஒரு பங்கு மட்டும் தராசில் இறங்கும்படி செய்கிறோம்.

இரண்டு அங்குலக் கனம், ஒன்பது அங்குல அகலம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளமுள்ள முடிச்சில்லாத பலகை எடுங்கள். அடிப்பக்கத்தில் ஒரு முனையை ஒட்டி ஒரு கோடு, அதிலிருந்து சரியாக 90 சென்டிமீட்டரில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டிலும் அரை அங்குல இரும்பு ராடு ஒவ்வொன்றை, உருளாதபடி ஆணி அடித்துப் பிடியுங்கள். ஒரு ராடு தரையில் வைத்த கட்டையின்மேல் நிற்கும், மற்றது தராசின்மேல். மேல்பக்கத்தில், கட்டைப் பக்க ராடிலிருந்து 30 சென்டிமீட்டரில் சாக்பீஸ் கோடு. டயர் உட்காரும் இடம் அது. பலகை காருக்குக் குறுக்காகக் கிடக்க வேண்டும்: கட்டை காரின் உள்பக்கம், தராசு வெளிப்பக்கம். அப்போதுதான் யாரும் காரடியில் தலையை விடாமல் எண்ணைப் படிக்க முடியும். டயர் உருண்டுவிடாதபடி அதன் முன்னும் பின்னும் பலகையில் சின்னச் சட்டம் அடித்துவிடுங்கள்.

தராசின் மேல்பரப்பு கண்ணாடியாக இருந்தால் ராடை நேராக வைக்காதீர்கள், கீறல் விட்டு உடையும். ஒரு சாண் அகல பிளைவுட் துண்டை நடுவில் வைத்து, அதன்மேல் ராடு. டிஜிட்டல் தராசு ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு பிறகு அணைந்துவிடும். சுமை மெல்ல இறங்கும்போது பாதியிலேயே எண்ணைப் பூட்டிவிட்டு உங்களை ஏமாற்றும். முள் ஓடும் பழைய ஸ்பிரிங் தராசு இந்த வேலைக்கு நல்லது.

முதலில் வெறும் பலகை தராசில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 4 கிலோ என்று வைப்போம். சக்கரம் இறங்கியதும் 82 காட்டினால், 82-இல் 4 போக 78. அதை மூன்றால் பெருக்க 234. இதுதான் அந்தச் சக்கரத்தின் எடை.

மூன்றால் பெருக்குகிறோம் என்பதை மறக்காதீர்கள். தராசு ஒரு கிலோ பொய் சொன்னால் விடையில் மூன்று கிலோ. டயர் கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 30-க்கு 1, அதாவது 234-இல் 8 கிலோ. டயர் பலகையைத் தொடும் இரண்டு ஓரங்களையும் சாக்பீஸால் குறித்து, நடுவை ஸ்கேலால் அளந்து, அது எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறதோ அதைக்கொண்டே கணக்குப் போடுங்கள். 31-இல் நின்றால் 90-ஐ 31-ஆல் வகுத்த எண்ணால் பெருக்க வேண்டும். சாக்பீஸ் சோம்பேறிகளுக்கு இந்த வழி சரிவராது.

8. காரை ஏற்றும் முன் தராசைச் சோதியுங்கள். பம்பாயில் ரிப்பேர் நடக்காத கட்டடம் ஏது? காவலாளியிடம் சொல்லி இரண்டு சிமெண்ட் மூட்டை கடன் வாங்குங்கள். பிரிக்காத மூட்டை 50 கிலோ. மூட்டையின் நடு, சாக்பீஸ் கோட்டின்மேல் வரும்படி இரண்டையும் அடுக்கினால் தராசில் 33 கிலோவுக்குச் சற்று மேல் கூட வேண்டும். தராசை மட்டும் தனியாகச் சோதிக்க, சீல் பிரிக்காத வீட்டு கேஸ் சிலிண்டர் போதும்: கழுத்துப் பக்கம் காலி எடை அடித்திருக்கும், அதோடு 14.2 கூட்டிக்கொள்ளுங்கள். அடுக்களையிலிருந்து எடுத்து வரும் முன் வீட்டுக்காரியிடம் சொல்லிவிடுங்கள்.

9. இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் பலகையில் ஏற்றி நிறுத்து, இறக்கி, அடுத்த சக்கரத்தை ஏற்றி நிறுத்து, நாலையும் கூட்டினால் வரும் எண் தப்பு. கொஞ்சம் இல்லை, நிறையத் தப்பு. சக்கரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 2 கிலோ என்ற அளவில் ஸ்பிரிங் இருக்கும் காரில், ஒரு சக்கரத்தை மட்டும் 40 மில்லிமீட்டர் உயர்த்தினால் அந்தச் சக்கரம் 20 கிலோ கூடுதலாகக் காட்டும். அதற்கு மூலைவிட்ட எதிர்ச் சக்கரமும் 20 கூடும். மற்ற இரண்டும் 20 குறையும். இப்படி ஒவ்வொன்றாக உயர்த்தி நாலையும் கூட்டினால் 80 கிலோ பொய். 900 கிலோ கார் 980 ஆகிவிடும். பலகையும் தராசும் சேர்ந்து நாலு அங்குல உயரம் வந்தால் பொய் 200 கிலோ.

மருந்து எளிது. நிறுக்கும்போது நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முன் சக்கரம் இரண்டையும் இரண்டு பலகையில் ஏற்றுங்கள். பின் சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்கு மரக்கட்டை. பிறகு மாற்றிப் போடுங்கள். காசு மிச்சம் பிடிக்க ஒரே தராசுதான் என்றாலும், மற்ற மூன்று சக்கரத்துக்கும் அதே உயரம் கொடுத்தாக வேண்டும்.

10. தரை. மாட்டுங்கா காம்பவுண்டு எதுவும் மட்டமாக இருக்காது. மழைத் தண்ணீர் சாக்கடையை நோக்கி ஓட வேண்டும் என்று சரித்துத்தான் போட்டிருப்பார்கள். ரசமட்டம் இந்த வேலைக்குப் போதாது, அது ஒரு சாண் தூரத்தைத்தான் பார்க்கும். கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் மட்டம் கேளுங்கள்: உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாய், அதில் குமிழி இல்லாமல் தண்ணீர். நாலு சக்கரம் நிற்கும் இடத்துக்கும் பிடித்துப் பார்த்து, தாழ்ந்த இடத்தில் பிளைவுட் துண்டு சேர்த்து, நாலும் இரண்டு மில்லிமீட்டருக்குள் வரும்படி செய்யுங்கள். பேவர் பிளாக் போட்ட இடத்தில் ஒரு கல் சுமையில் அமிழும். அதைக் காரை நிறுத்திய பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

11. ஜாக்கியை நம்பாதீர்கள். இதற்கு விளக்கம் கேட்பவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை. தூக்கியதும் ஸ்டாண்டு. தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. குறைந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் எதையும் தொடாமல் காரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர். காம்பவுண்டில் கிரிக்கெட் ஆடும் பொடிசுகளை அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

12. இறக்கிய கார் உடனே உண்மை பேசாது. ஜாக்கியிலிருந்து இறங்கும்போது டயர் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். பத்மினியின் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் பட்டைக்குப் பட்டை உராய்வு வேறு. டயருக்கு அடியில் இரண்டு தகரத்துண்டு வைத்து நடுவில் கிரீஸ் தடவினால் டயர் தன் இடத்துக்கு நழுவி வரும். பிறகு பம்பரில் கையை வைத்து முன்னும் பின்னும் நன்றாக அமுக்கி அமுக்கி விடுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விடுபட்டு இருக்க வேண்டும். தராசு எண்ணைக் குறித்து, மறுபடி குலுக்கி, மறுபடி குறியுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துவரும் வரை விடாதீர்கள்.

13. டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்று எழுதுங்கள். 30 லிட்டர் பெட்ரோல் 22 கிலோ. ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடக்கும் விளக்கெண்ணெய் டப்பா எல்லாமும் எடைதான். டிரைவர் இடத்தில் டிரைவர் எடைக்கு அரிசி மூட்டை வையுங்கள். ஆளை உட்கார வைத்தால் அவர் போனில் பேசிச் சாய்வார். மழையில் மாட்டிய கார் என்றால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். அடியில் இருக்கும் சணல் மெத்தை வாரக்கணக்கில் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும்.

14. கல்லூரிப் பிள்ளைகளே, உங்களுக்குப் பலகை வேண்டாம். உங்கள் கார் 230 கிலோ, ஓட்டுகிறவர் 70 என்றால் சக்கரத்துக்கு 75 கிலோதான் வருகிறது. ஒரே மாடல் பாத்ரூம் தராசு நாலு வாங்கி நேராக ஏற்றிவிடுங்கள். மட்டமான தரையும் கிரீஸ் தகரமும் உங்களுக்குத்தான் அதிகம் வேண்டும்: ரேஸ் காரின் ஸ்பிரிங் கெட்டியானது, ஒரு மில்லிமீட்டர் மேடுகூட எண்ணில் தெரியும்.

15. ஹைட்ராலிக் ஜாக்கியில் பிரஷர் கேஜ் பொருத்தி, பிஸ்டன் பரப்பால் பெருக்கி எடை காணலாம் என்று நாக்தேவி தெருவில் கேஜ் வாங்கி வருகிறவர்கள் உண்டு. கணக்கு சரி. ஆனால் பிஸ்டனின் சீல் உராய்வு, ஏற்றும்போது அதிகமாகவும் இறக்கும்போது குறைவாகவும் காட்டும். இரண்டுக்கும் நடுவை எடுக்க வேண்டும். அதோடு பாடியின் ஜாக்கி முனையில் தூக்கினால் கிடைப்பது சக்கர எடை அல்ல. ஆக்சிலுக்கு அடியில் தூக்கினால்தான் அதை ஒட்டி வரும். இவ்வளவு பாடுபட்டுப் பத்து சதவீதத்துக்குள் வந்தால் பெரிது. எனக்கு இந்த வழியில் நம்பிக்கை இல்லை.

16. நிறுப்பதற்கு முன்னும் பின்னும் உயரத்தை அளந்து வையுங்கள். ரயில் பெட்டியைப் பட்டறையில் நாங்கள் தராசில் வைத்துக்கொண்டா இருந்தோம்? மட்டமான தண்டவாளத்தில் நிறுத்தி நாலு முனையிலும் பஃபர் உயரத்தைப் பார்ப்போம். தண்டவாளத்திலிருந்து 1105 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, 1030-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு முனை தாழ்ந்தால் ஸ்பிரிங்கடியில் பேக்கிங் வளையம். காரில் சக்கர நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை டேப் பிடித்து நாலு எண் எழுதிக்கொள்ளுங்கள். எடையைச் சொல்லாது, ஆனால் எந்த ஸ்பிரிங் தளர்ந்தது என்று சொல்லும். வலப்பக்கம் டிரைவர் உட்கார்ந்து உட்கார்ந்து பழைய டாக்சிகளில் அந்தப் பக்கம்தான் முதலில் தொய்யும்.

17. நாலு எண்ணும் கிடைத்ததும் குறுக்காகக் கூட்டுங்கள். இத்தனை பாடும் இதற்காகத்தான். ஓர் உதாரணம்: முன் இடது 245, முன் வலது 225, பின் இடது 205, பின் வலது 225. மொத்தம் 900. முன் ஆக்சில் 470, பின் ஆக்சில் 430, நல்ல பங்கீடு. இடப்பக்கம் 450, வலப்பக்கமும் 450. லாரிக் காண்டா இந்தக் காருக்கு நூற்றுக்கு நூறு கொடுத்து அனுப்பிவிடும். குறுக்கே கூட்டிப் பாருங்கள்: முன் இடதும் பின் வலதும் 470, முன் வலதும் பின் இடதும் 430. நாற்பது கிலோ வித்தியாசம். நம் மாட்டுங்கா உடுப்பி ஓட்டல்களில் ஒரு கால் குட்டையான சலவைக்கல் மேசையில் கையை ஊன்றினால் காபி டபராவில் சிந்துமே, அதே கதை. காருக்கு ஸ்பிரிங் இருப்பதால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஈரச் சாலையில் அவசரப் பிரேக் அடித்தால் எடை குறைந்த முன் வலது சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், அப்போது தெரியும்.

சரிசெய்ய, குறைந்த குறுக்கின் ஏதாவது ஒரு முனையை உயர்த்த வேண்டும். இங்கே பின் இடது ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் பேக்கிங் கொடுத்தால், பின் இடதும் முன் வலதும் சேர்ந்து ஏறும்; மற்ற இரண்டும் இறங்கும். புதிதாக வருகிறவர்கள் முன் வலதில் எடை குறைவு என்று பார்த்ததும் அங்கே மணல் மூட்டை வைக்கப் பார்ப்பார்கள். எடை கூட்டவே வேண்டாம், இருப்பதை இடம் மாற்றினால் போதும்.

18. எந்த வித்தியாசத்தை நம்பலாம்? உங்கள் ஒவ்வொரு சக்கர எண்ணும் ஐந்து கிலோ முன்பின் இருக்கும் என்று ஒப்புக்கொள்ளுங்கள். அப்படியானால் குறுக்குக் கூட்டலின் வித்தியாசம் பத்து கிலோ முன்பின். ஆகவே 12 கிலோ வித்தியாசம் கண்டு ஸ்பிரிங்கைக் கழற்றாதீர்கள். 40 கிலோவைக் கண்டு சும்மா இருக்காதீர்கள்.

உங்கள் ஏற்பாடு முழுவதையும் ஒரே அடியில் சோதிக்க ஒரு வழி உண்டு. சோதித்த அதே சிமெண்ட் மூட்டை ஒன்றை டிக்கியில் வைத்து நாலு சக்கரத்தையும் மறுபடி நிறுங்கள். மொத்தம் 50 கூட வேண்டும். பின் சக்கரங்களில் 50-க்கு மேலும், முன் சக்கரங்களில் கழிவும் தெரிய வேண்டும். தெரிந்தால் உங்கள் பலகை நல்ல பலகை. 30 என்றோ 80 என்றோ வந்தால் ஒன்பதாவது, பத்தாவது அறிவுரைகளுக்குத் திரும்பிப் போங்கள்.

19. நோட்டில் தேதி, பெட்ரோல், டயர் காற்று, உள்ளே இருந்த சாமான், யார் எண்ணைப் படித்தது எல்லாம் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் அதைப் பார்த்து அப்படியே செய்து அதே எண்ணை எடுக்க வேண்டும்.

20. அந்த நோட்டை ஆர்.டி.ஓ.வுக்கு எடுத்துப் போகாதீர்கள். கேஸ் கிட் மாற்றியதற்கோ, பழைய வண்டியின் பதிவைப் புதுப்பிக்கவோ, பங்கார்க்காரரிடம் விலை பேசவோ எடை காட்ட வேண்டி வந்தால், 2009-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி முத்திரை குத்திய காண்டாவின் சீட்டு மட்டுமே செல்லும். எடைமேடையின் முத்திரையை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சீட்டு வாங்கும்போது அந்தத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.